ஷாகஹோலா: புதைகுழிகளுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு

கென்யாவின் கடற்கரை நகரமான மாலிந்தியிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகப் போனால் ஷாகஹோலா என்ற புதர்க்காடு வரும். 2023 ஏப்ரல் 13 அன்று போலீசார் அங்கே நுழைந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்த பதினைந்து பேரை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களில் நால்வர் பிழைக்கவில்லை. அடுத்த வாரம் மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டத் தோண்ட உடல்கள் வந்தன. மாதக்கணக்கில் நீடித்த அந்த வேலையில் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. பெரும்பாலானோர் பட்டினியால் இறந்தவர்கள். எல்லோரும் அப்படி இறக்கவில்லை; சிலர், அதிலும் பிள்ளைகள், கழுத்து நெரிக்கப்பட்டும் மூச்சு அடைக்கப்பட்டும் இறந்திருப்பதைப் பிரேதப் பரிசோதனை காட்டியது.

இறந்தவர்கள் வேதாகமம் வாசித்தவர்கள். இயேசுவின் நாமத்தில் ஜெபித்தவர்கள். அவரைச் சந்திக்கப் போகிறோம் என்று நம்பியே சாப்பிடாமல் இருந்தவர்கள். அதனால்தான் இந்த நிகழ்வை நம் சபைகள் நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்கிறேன். கள்ள உபதேசம் என்றதும் திரித்துவத்தை மறுப்பவர்கள், இயேசுவின் தெய்வத்துவத்தை மறுப்பவர்கள் என்று பட்டியல் போட்டே பழகியிருக்கிறோம். அந்தப் பட்டியல் தேவைதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஷாகஹோலாவின் தலைவரான பால் மெக்கன்சியை ஆரம்ப ஆண்டுகளில் அடையாளம் கண்டிருப்பது கடினம். அவருடைய மக்களின் பிள்ளைகளைப் பார்த்திருந்தால் மிக முன்பே கண்டுகொண்டிருக்கலாம். இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது அது ஒன்றைத்தான்.

சபை எப்படித் தொடங்கியது

பால் மெக்கன்சி மாலிந்தியில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவர். 2003இல் குட் நியூஸ் இன்டர்நேஷனல் என்ற பெயரில் ஊழியத்தைத் தொடங்கினார். நற்செய்தி என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய சபை அது. பாட்டு, ஜெபம், பிசாசு துரத்துதல், கடைசிக்காலப் பிரசங்கம் என்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆயிரக்கணக்கான சுயாதீன சபைகளில் நடப்பதே அங்கும் நடந்தது. பிறகு தொலைக்காட்சி வழியாகவும் இணையக் காணொளிகள் வழியாகவும் அவருடைய குரல் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. கடற்கரைப் பகுதியின் ஏழைகள் மட்டும் அவரைத் தேடி வரவில்லை. விமானப் பணிப்பெண் ஒருவரும் காவல்துறையைச் சேர்ந்த ஒருவரும் அவரைப் பின்பற்றியவர்களில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடுவது நல்லது.

பிரசங்கத்தின் திசை மெல்லத் திரும்பியது. உலகக் கல்வி தேவனுக்கு விரோதமானது. ஆகவே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துங்கள் என்றார். மருத்துவமனை வேண்டாம் என்றார். 2019இல் கென்ய அரசு ஹுதுமா நம்பா என்ற தேசிய அடையாள எண் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, கடைசிக்காலத்தில் தேவனுக்கு விரோதமானவர்கள்மேல் இடப்படும் என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் மிருகத்தின் முத்திரை அதுதான் என்றார். அதே ஆண்டு மாலிந்தியில் சபையை மூடிவிட்டதாகவும் இனி விவசாயம் செய்யப்போவதாகவும் அறிவித்தார். கூட்டம் கலைந்துவிடவில்லை, காட்டுக்குள் போனது. ஷாகஹோலாவில் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தில் குடியிருப்புகள் எழும்பின. அவற்றுக்கு நாசரேத், பெத்லகேம், யூதேயா என்று வேதாகமப் பெயர்கள் வைத்தார்கள். வீட்டையும் பொருளையும் விற்றுவிட்டு வந்தவர்கள் பலர். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. உலகம் முடிகிறது என்று சொன்னவருடைய வாய்க்கு அது வலுச் சேர்த்தது.

முதல் எச்சரிக்கை

இங்கே கொஞ்சம் நின்று 2017க்குத் திரும்ப வேண்டும்.

அந்த ஆண்டு மாலிந்தியில் அவருடைய சபை வளாகத்தில் போலீசார் சோதனை நடத்தினார்கள். பள்ளிக்குப் போகாமல் அங்கே வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளை மீட்டார்கள். மெக்கன்சியைக் கைது செய்து வழக்கும் போட்டார்கள். பிள்ளைகள் மனதைத் தீவிரப்போக்குக்குத் திருப்பினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2019இல் மறுபடியும் கைது, மறுபடியும் வெளியே வந்தார். நடந்ததை விசாரித்த கென்ய செனட் குழு 2023 அக்டோபரில் தந்த அறிக்கையில், குற்றவியல் நீதி அமைப்பு அவரைத் தடுக்கத் தவறியது என்று வெளிப்படையாகவே எழுதியது. நாட்டின் தேசிய மனித உரிமை ஆணையமும் 2024இல் மாலிந்தி காவல்துறையின் அலட்சியத்தைக் கடுமையாகக் கண்டித்தது. உறவினர்கள் கொடுத்த புகார்களுக்குத் தக்க நடவடிக்கை இல்லை என்பதே அதன் சாரம்.

காவல்துறையின் தவறை அவர்கள் விசாரித்துக்கொள்ளட்டும். சபையாக நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2017இல் அந்தச் செய்தி வெளியானபோது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள்? "கொஞ்சம் அதிகமாகப் போகிறார், ஆனாலும் பக்தி வைராக்கியம் உள்ளவர்" என்று நினைத்திருப்பார்களா? அவர்கள் மனதுக்குள் நான் புகுந்து சொல்ல முடியாது. ஆனால் நம் ஊரில் அப்படி ஒன்று நடந்தால் நாம் இப்படித்தான் பேசுவோம் என்று எனக்குத் தெரியும். "ஊழியக்காரரைக் குறை சொல்லாதே" என்று யாராவது வாயை அடைப்பார்கள். "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற 105ஆம் சங்கீதத்தின் வசனம் உடனே வரும். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் அந்நிய ராஜாக்களின் கையில் அகப்படாதபடி தேவன் காத்ததைப் பற்றிய வசனம் அது. போதகரிடம் கணக்குக் கேட்கும் விசுவாசியைத் தடுக்க எழுதப்பட்டதல்ல.

பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எல்லோர் கண்ணிலும் பட்ட அடையாளம் அது. உபதேசத்தின் நுணுக்கத்தை எடைபோட வேத பண்டிதர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிப் பை மூலையில் கிடப்பதைக் காண எந்தப் படிப்பும் வேண்டாம்.

ஒவ்வொரு கதவாக

மெக்கன்சி யாரிடமும் முதல் நாளே "பட்டினி கிடந்து செத்துப்போ" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ஒருவர்கூட அவருடன் இருந்திருக்க மாட்டார். பள்ளியை நிறுத்தியபோது பிள்ளையைத் தினமும் பார்க்கும் ஆசிரியர் போய்விட்டார். மருத்துவமனையை விலக்கியபோது உடம்பைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரும் தாதியும் போய்விட்டார்கள். அடையாள எண்ணை மறுத்தபோது அரசின் பதிவேட்டிலிருந்து ஆள் மறைந்தார். வீட்டை விற்றபோது திரும்பிப் போக இடமில்லாமல் போனது. காட்டுக்குள் போனபோது அண்ணன், அக்கா, மாமா எவருக்கும் எட்டாத தூரம் வந்தது. சோற்றை நிறுத்தச் சொன்ன நாளில், "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒரு மனிதரும் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் இல்லை.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் கையில் இருந்திருக்கும். உலகத்தில் அன்புகூராதிருங்கள் என்று இருக்கிறது. தகப்பனையும் தாயையும் வெறுத்து வர வேண்டும் என்று இருக்கிறது. உண்டானவற்றை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றும் இருக்கிறது. இயேசுவைச் சோதித்த சாத்தானும் 91ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துக் காட்டினான். "வசனம் இருக்கிறதா?" என்ற கேள்வி மட்டும் நம்மைக் காப்பாற்றாது. அந்த வசனத்தைக் காட்டி எந்த உறவை வெட்டச் சொல்கிறார்கள், வெட்டியதை நாளைக்கு மறுபடி இணைக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். ஒருவர் நாற்பது நாள் உபவாசம் இருந்தாலும் பிறகு சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்புகிறார். திரும்பிவரும் வழியையே அடைப்பது உபவாசமாகாது.

காட்டுக்குள் நடந்ததை விவரிக்கக் கை கூசுகிறது. தப்பி வந்தவர்கள் சொன்னபடி, சாவுக்கு ஒரு வரிசை வகுக்கப்பட்டிருந்தது: முதலில் பிள்ளைகள், பிறகு பெண்கள், பிறகு ஆண்கள், கடைசியாகத் தலைவர். பிள்ளைகள் சீக்கிரம் இறக்க வேண்டும் என்று வெயிலில் உட்கார வைத்தார்கள் என்றும் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். வெளியேற முயன்றவர்களைத் தடுக்க ஆயுதம் வைத்திருந்த ஆட்கள் இருந்தார்கள். மனமுவந்து செத்தார்கள் என்று யாராவது சொன்னால் அந்த ஆட்களை நினைவுபடுத்துங்கள். பசியில் அழும் மூன்று வயதுக் குழந்தை எதற்கும் மனமுவந்து சம்மதிப்பதில்லை.

2023 மார்ச்சில், அதாவது புதைகுழிகள் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, இரண்டு சிறுவர்களின் மரணம் தொடர்பாக மெக்கன்சி கைது செய்யப்பட்டார். 10,000 கென்ய ஷில்லிங் பிணையில் வெளியே வந்தார். அப்போதும் முதலில் வெளியே தெரிந்தது பிள்ளைகளின் சாவுதான்.

மெக்கன்சியும் அவருடன் சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட தொண்ணூறுக்கும் மேற்பட்டோரும் பயங்கரவாதம், மரணம் விளைவித்தல், பிள்ளைகளைக் கொன்றது, சித்திரவதை ஆகிய குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். பயங்கரவாத வழக்கின் விசாரணை 2024 ஜூலையில் மொம்பாசாவில் தொடங்கியது.

வேதம் ஏற்கெனவே சொன்னது

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிற்காலங்களில் வரும் வஞ்சகத்துக்கு அவர் சொல்லும் இரண்டு அடையாளங்கள், விவாகம் பண்ணாதிருக்கச் சொல்வதும், தேவன் ஸ்தோத்திரத்தோடு அனுபவிக்கப் படைத்த ஆகாரங்களை விலக்கச் சொல்வதும். நாம் அந்தப் பகுதியைப் பழங்கால ஏதோ ஒரு கூட்டத்தைப் பற்றியது என்று தாண்டிப் போய்விடுகிறோம். குடும்பத்தின் மேலும் சாப்பாட்டின் மேலும் கை வைக்கும் போதகம் என்று பவுல் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியும் நமக்கு அது கண்ணில் படவில்லை.

அதைவிட அழுத்தமானது எரேமியா 7:31. இன்னோம் பள்ளத்தாக்கில் தங்கள் பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்தவர்கள் தேவனுக்கு ஊழியம் செய்வதாக நினைத்தவர்கள்தான். அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை என்கிறார் கர்த்தர். பக்தியின் பெயரால் பிள்ளையின் உயிரைக் கேட்கும் எந்தச் சத்தத்துக்கும் இந்த ஒரு வாக்கியம் போதும். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலையை உதாரணம் காட்டுகிறவர்களுக்கும் பதில் உண்டு: அங்கே தேவன் கத்தியை நிறுத்தினார்.

உலக முடிவுக்கு நாள் குறிப்பதைப் பற்றி மத்தேயு 24:36 தெளிவாக இருக்கிறது: அந்த நாளை ஒருவனும் அறியான். அதை எல்லோரும் அறிவார்கள், நீட்டவில்லை. பலர் கவனிக்காத இடம் யோவானின் மூன்றாம் நிருபம். அதில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான். முதன்மையை விரும்புகிறான், அப்போஸ்தலரை ஏற்றுக்கொள்ளவில்லை, பொல்லாத வார்த்தைகளை அலப்புகிறான், சகோதரரைத் தானும் சேர்ப்பதில்லை, சேர்க்க விரும்புகிறவர்களையும் தடுத்து, சபைக்குப் புறம்பே தள்ளுகிறான். அவன் தவறான உபதேசம் செய்தான் என்று அந்த நிருபத்தில் ஒரு வரியும் இல்லை. கேள்வி கேட்பவரை வெளியே தள்ளும் அந்த நடத்தையே யோவான் எழுதிக் கண்டிக்கப் போதுமான காரணமாக இருந்தது.

மற்ற இடங்களில்

1978 நவம்பர் 18 அன்று கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 909 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறார்கள். சயனைடு கலந்த பானத்தை முதலில் கொடுத்தது குழந்தைகளுக்குத்தான். ஜிம் ஜோன்ஸின் மக்கள் ஆலயம் என்ற அந்த அமைப்பு அமெரிக்காவில் நிறவெறியை எதிர்த்தது, முதியோரைப் பராமரித்தது, பசித்தவர்களுக்குச் சோறு போட்டது. நற்கிரியைகள் பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல என்பதற்கு இதைவிட வேதனையான சாட்சி இல்லை. அங்கும் சொத்தை ஒப்படைத்தார்கள், அங்கும் காட்டுக்குள் போனார்கள், பிள்ளைகளைத் திரும்பக் கேட்ட உறவினர்களை அங்கும் எதிரிகளாகக் காட்டினார்கள்.

உகாண்டாவின் கனுங்குவில் 2000 மார்ச் 17 அன்று, பத்துக் கட்டளைகளை மீட்டெடுக்கும் இயக்கம் என்ற குழுவினர் தங்கள் ஜெபக்கூடத்துக்குள் எரிந்து இறந்தார்கள். பின்னர் வேறு இடங்களிலும் புதைகுழிகள் கிடைத்தன. உலகம் 1999 முடிவில் அழியும் என்று சொல்லியிருந்தார்கள், அழியவில்லை. தீர்க்கதரிசனம் பொய்த்தால் அதைச் சொன்னவனுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறது உபாகமம் 18. கனுங்குவில் அந்தப் பயம் நீங்குவதற்குள் நெருப்பு வந்துவிட்டது. ஒரு தேதி பொய்த்துப்போன பிறகு வரும் மாதங்கள்தான் மிக ஆபத்தானவை என்பது என் எண்ணம்.

நம் வீட்டுக்குப் பக்கத்தில்

இதைப் படித்துவிட்டு உபவாச ஜெபம் நடத்தும் ஒவ்வொரு சிறிய சபையையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினால் அது அநியாயம். ஓலைக் கொட்டகையில் கூடுவதும், இரவு முழுவதும் ஜெபிப்பதும், நகை போடாமல் இருப்பதும் ஆபத்தின் அடையாளங்கள் அல்ல. அப்படிப்பட்ட சபைகளில் குடியை விட்டவர்களும், ஒன்றுசேர்ந்த குடும்பங்களும் ஏராளம். கட்டுப்பாடு அதிகமாக இருப்பதும் தனியாகக் குற்றமல்ல. மறுபுறம், நூற்றாண்டுப் பாரம்பரியமும் ஓடு வேய்ந்த கோபுரமும் உள்ள ஆலயத்துக்குள்ளும் ஒரு சிறு ஜெபக்குழு இப்படி மாறலாம். பெயர்ப் பலகை எதையும் உறுதி செய்வதில்லை.

ஆதார் எண்ணும் பார்கோடும் தடுப்பூசியும் மிருகத்தின் முத்திரை என்ற பேச்சு தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே சுற்றியதை நாம் மறந்துவிடவில்லை. பேச்சாக இருந்தவரை பரவாயில்லை என்று விட்டுவிடாமல், அந்தப் பேச்சினால் எந்தக் குடும்பமாவது குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தியதா, ரேஷன் அட்டையைத் தூக்கி எறிந்ததா என்று விசாரிக்க வேண்டியது போதகர்களின் கடமை.

ஒரு குடும்பத்தைப் பற்றிக் கவலை வந்தால் நான் உபதேசத்தில் தொடங்க மாட்டேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கொண்டுபோகிறார்களா? தாத்தா பாட்டி வீட்டுக்கு வருகிறார்களா? அந்தக் கூட்டத்தை விட்டு விலகியவர்களைப் பற்றி மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? கடைசிக் கேள்வியின் பதில் நிறையவே சொல்லும். ஆரோக்கியமான சபையில் ஒருவர் விலகினால் வருத்தப்படுவார்கள், தெருவில் பார்த்தால் நலம் விசாரிப்பார்கள். கெட்டுப்போன கூட்டத்தில் அவர் பெயரையே சொல்லக் கூடாது. அவருக்கு வியாதி வந்தால் சாபம் பலித்தது என்பார்கள். காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள், போதகரைத் திருத்தும் அதிகாரம் யாருக்காவது இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அவர்கள் பாராட்டப்பட்டார்கள். பவுலைவிடப் பெரிய ஊழியக்காரர் நம் மாவட்டத்தில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போய்விட்டவரோடு வசனச் சண்டை போடுவதால் பெரும்பாலும் பயனில்லை. அவர்கள் அதற்குத்தான் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். நாம் ஒன்று சொன்னால் பத்து வசனம் வரும், "குடும்பமே சத்துரு" என்ற போதனைக்கும் நம் கோபமே ஆதாரமாகிவிடும். தொடர்பை அறுக்காமல் இருப்பதுதான் முக்கியம். பிறந்தநாளுக்குக் கூப்பிடுங்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், ஊருக்கு வந்தால் தங்க இடம் இருக்கிறது என்று அடிக்கடி தெரியப்படுத்துங்கள். நிலப் பத்திரத்திலோ வங்கிக் கணக்கிலோ கை வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் வழக்கறிஞரிடம் பேசத் தயங்காதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் பொறுமை காட்டக் கூடாது. இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 என்ற சிறுவர் உதவி எண்கள் இருக்கின்றன. முதல் புகாருக்குப் பதில் வராவிட்டால் எழுத்தில் மறுபடி கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். மாலிந்தியில் புகார் கொடுத்த உறவினர்களின் கதை நமக்கு அதைத்தான் கற்றுத்தருகிறது.

மெக்கன்சி சிறையில் இருக்கும்போதே, 2025இல், ஷாகஹோலாவுக்கு அருகே க்வா பின்சாரோ என்ற இடத்தில் மறுபடியும் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. தலைவரைப் பூட்டியதால் போதனை பூட்டப்படவில்லை. முன்பு ஷாகஹோலா காட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் மீட்பு இல்லத்திலும் சாப்பிட மறுத்தார்கள். 2023 ஜூனில் அறுபத்தைந்து பேர் மீது தற்கொலை முயற்சி வழக்கே பதிவானது. பிள்ளைகளை இழந்து, வீட்டை இழந்து, நம்பியதும் பொய் என்று தெரிந்த மனிதருக்கு உடனே இன்னொரு சபையின் முன்வரிசை தேவையில்லை. அவரைச் சாட்சி சொல்ல மேடையேற்ற வேண்டாம், "எப்படி ஏமாந்தாய்?" என்று கேட்கவும் வேண்டாம். மருத்துவர், மனநல ஆலோசகர், வாடகைக்கு ஓர் அறை, ஒரு வேலை, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் ஆகியவற்றை ஒரு சபை தன் காணிக்கைப் பணத்திலிருந்து ஏற்பாடு செய்யலாம். அவர் ஆலயத்துக்கு வருவாரா என்று எதிர்பார்க்காமலேயே செய்யலாம்.